ஆத்துல தண்ணி லோட் ஆகல

கல்யாணமாகி இந்தப் பதினோரு வருஷத்துல என் வீட்டுக்காரர் இட்லியைப் பாதியில வச்சுட்டு எழுந்தது அந்த வெள்ளிக்கிழமை காலையிலதான். நாலாவது இட்லி. சட்னியைத் தொட்டு வாய்கிட்ட கொண்டு போனவரு, இன்னொரு கையில இருந்த போனைப் பார்த்தாரு. அப்படியே தட்டுல வச்சுட்டாரு.

"என்னங்க, உப்பு இல்லையா?"ன்னு கேட்டேன்.

"ஆத்துல தண்ணி லோட் ஆகலையாம்"னாரு.

எனக்கு ஒண்ணும் புரியல. ஏப்ரல் மாசம். வெண்ணாத்துல மணல்தான் கிடக்கும், பசங்க அதுல கிரிக்கெட் ஆடுவாங்க. அதைப் போய் யாரு லோட் பண்றது? அப்புறம்தான் உறைச்சுது, இவரு சொல்றது நிஜ ஆறு இல்ல, இவரு செஞ்ச ஆறு. முந்தின நாள் வியாழக்கிழமைதான் இவங்க கம்ப்யூட்டர் கேம் வெளியாகியிருந்துச்சு. 'ஏழாம் மதகு', ரெண்டாம் பாகம். விளையாடினவங்க எழுதின முதல் கருத்தே இதுதான். எழுதினவரு தனக்கு வச்சுக்கிட்ட பேரு 'ஒத்தப்பல் யாளி', ஊரு ஓசூருன்னு போட்டிருந்துச்சு. 'ஆத்துல தண்ணி லோட் ஆகல. மூணு தடவை அழிச்சுட்டுத் திரும்ப ஏத்திப் பார்த்துட்டேன். வெறும் மணலாத்தான் தெரியுது. சரி பண்ணுங்க.' அதுக்குக் கீழ முன்னூறு பேரு 'எனக்கும்', 'எனக்கும்'னு வரிசை கட்டி எழுதியிருந்தாங்க.

நான் ஃபிளோரா. பொறந்து வளர்ந்தது சென்னையில, புரசைவாக்கம். தஞ்சாவூர்ல ஒரு லேப்ல ரத்தம் எடுக்கிற வேலை. ஒரு நாளைக்கு நாப்பது பேரைக் குத்துறேன், அதனாலயோ என்னவோ பேச்சுலயும் குத்துவேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும். நான் சொல்ல வந்தது என் கதை இல்ல, என் வீட்டுக்காரர் கிளாட்சன் கதை. அந்த மனுஷன் தானா வாயைத் திறந்து தன்னைப் பத்தி நாலு வார்த்தை சொல்ல மாட்டாரு, அதனால நான் சொல்ல வேண்டியதா இருக்கு.

அவருக்கு நீடாமங்கலத்துலேர்ந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊரு. ஒரு வாய்க்காலோட கடைமடை அது. அதாவது மேல இருக்கிற எல்லா வயலும் குடிச்சது போக, மிச்சத் தண்ணி கடைசியா வந்து சேர்ற எடம். இவங்க தாத்தா அடுத்தவங்க வயல்ல கூலிக்கு நடவு நட்டவரு. மாமனார் காலத்துல ரெண்டு ஏக்கர் சொந்தமாச்சு. இவரு பாலிடெக்னிக்ல சிவில் படிச்சுட்டு ஒரு கான்ட்ராக்டர்கிட்ட படம் வரையப் போனாரு. தண்ணியைத் திறந்து மூடற மதகு, படித்துறை, சின்னப் பாலம், இதெல்லாம் கம்ப்யூட்டர்ல வரையணும். பத்து வருஷம் அதே வேலை. மத்தியானம் சாப்பிட்டுட்டு எல்லாரும் கண் அசர்ற நேரத்துல, அதே கம்ப்யூட்டர்ல, எங்கயும் இல்லாத நாடு ஒண்ணுக்கு மேப் போட்டுக்கிட்டு இருப்பாராம்.

என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப எங்க அம்மா, "தம்பி என்ன வேலை பாக்குறீங்க?"ன்னு கேட்டாங்க. "மதகு வரையறேங்க"ன்னாரு. எங்க வீட்ல யாருக்கும் மதகுன்னா என்னன்னே தெரியாது. எங்களுக்குத் தண்ணி லாரியில வரும், குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடணும், அவ்வளவுதான். எங்க அப்பா ஏதோ பெரிய உத்தியோகம் போலன்னு தலையை ஆட்டிட்டாரு. மூணாவது மாசம் கல்யாணம்.

முதல் பாகத்தை அவங்க மூணு பேராச் செஞ்சாங்க. வலங்கைமான்காரன் பரிதி, கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி எழுதுறது அவன். பூதலூர்லேர்ந்து தினம் ரயில்ல வர்ற ஷோபனா, ஆளுங்க, மிருகம், மரம் மட்டை எல்லாம் வரையறது அவ. நாடு, மலை, ஆறு, ஊரு, கதை இதெல்லாம் கிளாட்சன். எங்க வீட்டு முன் ரூம்தான் ஆபீஸ். யாளி மேல ஏறிப் போய் ஏழு மதகையும் காவல் காக்கிற பூதங்களை வெட்டணும், அதுதான் கதை. ஜனங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. பெங்களூர்ல இருந்து ஒரு கம்பெனி வந்து, ரெண்டாம் பாகத்தை நாங்க வெளியிடறோம்னு கையெழுத்துப் போட்டாங்க.

ஆனா முதல் பாகத்துல இவருக்கு ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அந்த கேம்ல ஆறு எப்பப் பார்த்தாலும் நுரைச்சுக்கிட்டு ஓடும். "எந்த ஆறு பன்னெண்டு மாசமும் ஓடுது, சொல்லு பார்ப்போம்"னு என்கிட்டயே எத்தனையோ தடவை கேட்டிருக்காரு. சாம்பாருக்குப் பருப்பு வேகுதான்னு பார்த்துக்கிட்டு இருக்கிறவகிட்ட கேக்குற கேள்வியா அது?

அதனால ரெண்டாம் பாகத்துல ஆத்தைக் காயப் போட்டாரு. மலை மேல ஒரு பெரிய பூதம் தண்ணியை மறிச்சு வச்சிருக்கு. நம்ம வீரன் கடைமடை ஊர்க்காரன். இருபது மணி நேரம் அடிச்சுப் பிடிச்சு மலைக்குப் போய் பூதத்தைக் கொல்லணும். கொன்னா தண்ணி கிளம்பும். கிளம்பினதும் வந்துடாது, ஊருக்கு வந்து சேர கேம் கணக்குல ஒன்பது நாள் ஆகும். அந்தத் தண்ணி வர்ற காட்சிக்கு மட்டும் ஒன்றரை வருஷம் உழைச்சாரு. ஒரு ஜூன் மாசம் நிஜத் தண்ணி திறந்து விட்டப்ப, போனைக் கையில பிடிச்சுக்கிட்டு தண்ணியோட முனை கூடவே ரெண்டு நாள் நடந்து படம் பிடிச்சுட்டு வந்தாரு. நானும் பார்த்தேன். அலை மாதிரியெல்லாம் வரல. சருகு, நுரை, தூசி எல்லாத்தையும் முன்னாடி தள்ளிக்கிட்டு மெதுவா ஊர்ந்து வருது. தரை வெடிப்புக்குள்ள இறங்கறப்ப பச்சப்புள்ளை பால் குடிக்கிற சத்தம் கேக்குது. அந்தச் சத்தத்தைக் கூட எடுத்து கேம்ல வச்சாரு.

பெங்களூர்க்காரங்க ஆரம்பத்துலயே இழுத்தாங்க. காய்ஞ்ச ஆத்தை யாரு பார்ப்பாங்கன்னாங்க. சரி, வெளியாளுங்களை விட்டு விளையாடச் சொல்லிப் பார்ப்போம்னு முடிவாச்சு. பரிதி அவன் ஊர்ப் பக்கம் அஞ்சு பேரைப் பிடிச்சான், ஷோபனா அவ ஊர்ல கூடப் படிச்சவங்க நாலு பேரைச் சொன்னா, இவரு நீடாமங்கலத்துலேர்ந்து அஞ்சு பேரு. ஆக பதினாலு பேரு. பதினாலு பேரும் பூதத்தைக் கொன்னு தண்ணியை வயல் வரைக்கும் கொண்டு வந்து விட்டுட்டாங்க. எல்லாரும் அருமை அருமைன்னு எழுதிக் கொடுத்தாங்க. ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல. பெங்களூர்க்காரங்களும் சரின்னுட்டாங்க.

அந்த நம்பிக்கையிலதான் வியாழக்கிழமை வெளியிட்டாங்க. வெள்ளிக்கிழமை இட்லி நின்னுச்சு.

ஆத்துல தண்ணி லோட் ஆகலைங்கிறது கூடப் பரவாயில்ல. அது அப்படித்தான்னு பரிதி உக்காந்து ஒவ்வொருத்தருக்கா பதில் எழுதினான். சனிக்கிழமை மத்தியானத்துலேர்ந்து வந்துச்சு பாருங்க, அதுதான் நிஜ அடி. பூதத்தைக் கொன்னு முடிச்சவங்க எழுத ஆரம்பிச்சாங்க. 'முதல் பாகம் தங்கம், இது தகரம்.' 'என் வாழ்க்கையில இருபது மணி நேரத்தைத் திருப்பிக் குடுங்க.' 'யாளிக்காக ஒரு மார்க், மத்தபடி முட்டை.' ஒருத்தரு ரொம்ப மரியாதையா, 'இதைச் செஞ்சவங்க வீட்ல எல்லாரும் நலமா?'ன்னு கேட்டிருந்தாரு. எனக்கு வந்த கோபத்துக்கு, நலம்தான் வந்து பாருய்யான்னு எழுதப் போனேன், ஷோபனா போனைப் பிடுங்கி வச்சுட்டா.

கோயம்புத்தூர்ல ஃபஹ்மிதான்னு ஒரு பொண்ணு இருக்கு. கேம் விளையாடி வீடியோ போடும், லட்சக்கணக்கான பேரு பார்ப்பாங்க. முதல் பாகம் நல்லாருக்குன்னு அது சொன்னப்புறம்தான் ஊரெல்லாம் தெரிஞ்சுது. அந்தப் பொண்ணு சனிக்கிழமை சாயந்திரம் வீடியோ போட்டுச்சு. அது சத்தம் போடல, திட்டவும் இல்ல. அமைதியா சொல்லுச்சு: "பூதத்தைக் கொன்னுட்டு ஊருக்கு வந்து காத்திருந்தேன். தண்ணி ஊர் எல்லை வரைக்கும் வந்துச்சு. அங்க முட்டி நின்னுச்சு. கரையை உடைச்சுக்கிட்டு வேற பக்கம் போயிடுச்சு. நாத்து விடற நேரம் போச்சுன்னு ஊர்ல எல்லாரும் மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. ஆட்டம் முடிந்ததுன்னு வந்துச்சு. நான் என்ன தப்பு பண்ணேன்னு யாருமே சொல்லல. எனக்கு ஏமாத்திட்ட மாதிரி இருக்கு."

கிளாட்சன் அதை மூணு தடவை பார்த்தாரு. "வேலை செய்யப் பிடிக்கல இவங்களுக்கு. வெட்டுறது குத்துறது மட்டும்தான் வேணும்"னாரு. பரிதியும் ஆமாண்ணேன்னான். ஷோபனாவும் தலையை ஆட்டினா. நானும் அப்படித்தான் போலன்னு நம்பிட்டேன். எனக்கென்ன தெரியும், நான் ஒரு நாள் கூட அந்த கேமைத் தொட்டுப் பார்த்தவ இல்ல.

ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்து செருப்பைக் கூடக் கழட்டல, பெங்களூர்லேர்ந்து போன். ஸ்பீக்கர்ல போட்டாரு. நூத்துக்கு முப்பத்தெட்டு பேருதான் பிடிச்சிருக்குன்னு எழுதியிருக்காங்க, இப்படியே போனா கேம் செத்துடும், வியாழன் மத்தியானத்துக்குள்ள ஆத்துல தண்ணியை விட்ருங்கன்னாங்க. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஓடட்டும். பூதம் செத்தா படம் போட்டு முடிச்சுடுங்க. ஊரு, வாய்க்கால், காத்திருக்கிறது எல்லாத்தையும் எடுத்துடுங்க. நீங்க எடுக்கலைன்னா நாங்களே எடுத்துடறோம்.

"சரிங்க"ன்னுட்டாரு இவரு.

எனக்கு உச்சி முடி நட்டுக்கிச்சு. "ஏங்க, நாலு வருஷம் அதுல கிடந்தீங்களே, புள்ளைக்குக் காய்ச்சல்னா கூட ஒரு கையில தைலமும் ஒரு கையில மவுஸுமா இருந்தீங்களே. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசத் தெரியாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?"ன்னு பிடிச்சேன்.

"விளையாடுறவங்களுக்கே பிடிக்கலைங்கிறப்ப நான் யார்கிட்டப் போய் சண்டை போடறது, ஃபிளோரா?"ன்னாரு. சொல்லிட்டு சட்டையைக் கழட்டி மாட்டினாரு, மாட்டின சட்டையை எடுத்துத் திரும்பப் போட்டுக்கிட்டாரு. என்ன செய்யறோம்னு அவருக்கே தெரியல. அந்த முகத்தை என்னால பார்க்க முடியல. திட்டினதுக்கு வருத்தமாவும் இருந்துச்சு, இன்னும் ரெண்டு திட்டணும் போலவும் இருந்துச்சு.

திங்கக்கிழமை நான் லேப்புக்கு லீவு சொன்னேன். முன் ரூமுக்குப் போய், "நகருங்க, நான் விளையாடிப் பார்க்கிறேன். எதைத் தூக்கிப் போடப் போறீங்கன்னு நானும் ஒரு தடவை பார்த்துக்கிறேன்"னேன்.

பரிதி சிரிச்சான். "அக்கா, அது ஊசி போடற மாதிரி இல்லக்கா."

"மூடிக்கிட்டு அந்த பூதம் எங்க இருக்குன்னு காட்டு"ன்னேன்.

பூதம் அரை உசுரா நிக்கிற எடத்துலேர்ந்து ஆரம்பிச்சுக் குடுத்தான். ஏழு தடவை என்னை மிதிச்சுக் கொன்னுச்சு. எட்டாவது தடவை நான் அதைக் கொன்னேன். மலை பொளந்து தண்ணி கொட்டுச்சு. எனக்கு நிஜமாவே புல்லரிச்சுப் போச்சு. யாளி மேல ஏறி கடைமடை ஊருக்கு வந்து இறங்கினேன். ஊர் ஜனங்க மாலை போட்டாங்க. 'தண்ணி வந்து சேர ஒன்பது நாள்'னு மேல எழுதிக் காட்டுச்சு.

சரி, ஒன்பது நாள். நான் கோயிலைச் சுத்திப் பார்த்தேன். ஒரு கடையில வளையல் பார்த்தேன். யாளியைக் குளிப்பாட்டலாம்னா தண்ணி இல்ல. அப்புறம் ஒரு மரத்தடியில வீரனை உக்கார வச்சுட்டு நானும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தேன். ரெண்டு நாள் போச்சு. மூணு நாள் போச்சு. எனக்குப் பின்னாடி நின்ன கிளாட்சன் ஒரு கால் மாத்தி ஒரு கால் நின்னாரு. அஞ்சாவது நாள் அவரால முடியல.

"நீ வாய்க்காலுக்குப் போகலையா?"ன்னாரு.

"எதுக்கு?"

"எதுக்கா? தண்ணி வருது ஃபிளோரா."

"வரட்டும். அதுக்குத்தானே உக்காந்திருக்கேன்."

"தூர் வார வேணாமா? மண்ணு மேடா கிடக்கு, காட்டாமணக்கு மண்டிக் கிடக்கு. இப்படியே விட்டா தண்ணி எப்படி உள்ள வரும்? அந்தக் கொட்டாய்ல மம்பட்டி சாத்தி வச்சிருக்கு பாரு, அதை எடுத்து வாய்க்காலை வெட்டணும்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? தண்ணி வருதுன்னா வாய்க்காலை வெட்டுவாங்கன்னு எல்லாருக்கும்..."

அதோட நிறுத்திட்டாரு.

"எனக்குத் தெரியாதுங்க"ன்னேன். "சத்தியமாத் தெரியாது. எங்க ஊர்ல தண்ணி லாரியில வரும். லாரி வரப்போகுதுன்னு யாரும் ரோட்டை வெட்ட மாட்டாங்க."

நான் யோசிச்சுப் பார்க்கிறேன், பதினோரு வருஷமா மே மாசக் கடைசியில ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு சேறும் மண்ணுமா வருவாரு. 'வாய்க்கா வேலை'ம்பாரு. நான் அந்த பேன்ட்டை அடிச்சுத் தோய்ச்சுக்கிட்டுத் திட்டியிருக்கேனே ஒழிய, அது என்ன வேலைன்னு ஒரு நாள் கூடக் கேட்டதில்ல. அவரும் சொன்னதில்ல. சொல்லணும்னே அவருக்குத் தோணல. மூச்சு விடறதைப் பத்தி யாராவது சொல்லுவாங்களா?

பரிதி கம்ப்யூட்டரை என் பக்கத்துலேர்ந்து இழுத்தான். பிடிச்சிருக்குன்னு எழுதினவங்கள்ல, தண்ணி வயல் வரைக்கும் வந்துச்சுன்னு சொன்னவங்களோட ஊரை ஒவ்வொண்ணா தேடினான். மன்னார்குடி. பாபநாசம். திருத்துறைப்பூண்டி. சீர்காழி. கும்பகோணத்துலேர்ந்து துபாய்க்குப் போன ஒருத்தரு. எல்லாம் ஆத்துப் பாசனத்துக்காரங்க. அவங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கல, மம்பட்டியைப் பார்த்ததும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

"நம்ம பதினாலு பேரும்..."னு ஷோபனா தலையில கையை வச்சுக்கிட்டா.

"வலங்கைமான், பூதலூர், நீடாமங்கலம்"னு நான் சொன்னேன். "நல்லா பொறுக்கி எடுத்திருக்கீங்க. ஒரு ஊட்டிக்காரன், ஒரு ராமநாதபுரத்துக்காரி கிடைக்கலையா உங்களுக்கு?"

கிளாட்சன் கீழ சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டாரு. அழறாரோன்னு நான் பதறிட்டேன். கையை எடுத்தா, மனுஷன் சிரிக்கிறாரு. சத்தமே இல்லாம, தோள் குலுங்கக் குலுங்க. மூணு நாளா அந்த முகத்துல சிரிப்பையே பார்க்காதவளுக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. "அவங்க வேலைக்கு வணங்காதவங்க இல்ல, ஃபிளோரா. நான்தான் சொல்லல"ன்னாரு. அதையே ரெண்டு தடவை சொன்னாரு.

அடுத்து எப்படிச் சொல்றதுங்கிற பேச்சு வந்துச்சு. பரிதி, ஊர் வாசல்ல ஒரு பலகை வச்சுடலாம், 'வாய்க்காலைத் தூர் வாரவும்'னு எழுதிடலாம்னான்.

"பலகையை எவன் படிப்பான்?"னேன். "எங்க லேப் வாசல்ல 'வெறும் வயித்தில் வரவும்'னு இத்தனாம் பெரிசு எழுதி ஒட்டியிருக்கு. எல்லாரும் தோசையைத் தின்னுட்டு ஏப்பம் விட்டுக்கிட்டுதான் வர்றாங்க. நேர்ல நிக்க வச்சுத் திட்டினாத்தான் மறுநாள் ஒழுங்கா வருவாங்க."

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. அப்புறம் மூணு பேரும் என்னைப் பார்த்தாங்க.

கேம்ல வாய்க்கால் ஆரம்பிக்கிற தலைப்புல ஒரு அம்மா சும்மா ஆடு மேய்ச்சுக்கிட்டு நிக்கும். ஷோபனா அதுக்கு பிரகதாம்பாள்னு பேரு வச்சா. என்னை பெட்ரூம் அலமாரிக்கு முன்னாடி நிக்க வச்சு, ஃபேனை நிறுத்தி, தெருவுல போற மீன்காரர் சத்தம் ஓயற வரைக்கும் காத்திருந்து, போன்ல பதிவு பண்ணாங்க. கிளாட்சன் ஒரு பேப்பர்ல வசனம் எழுதிக் குடுத்தாரு. ரொம்ப அழகான தமிழ். நான் அதை மடிச்சு இடுப்புல சொருகிட்டு, அவரையே எதிர்ல நிக்கச் சொன்னேன். அவரு முகத்தைப் பார்த்துத் திட்டினேன்.

"ஏம்பா, பூதத்தைக் கொன்னுட்டேன்னு வந்து உக்காந்தா ஆயிடுச்சா? ஒன்பதாம் நாள் தண்ணி வந்து எல்லையில நிக்கும். வாய்க்கா தூந்து போய்க் கெடக்கு, கண்ணுல படல? உள்ள வர வழி இல்லன்னா அது எப்படி வரும், பறந்தா வரும்? கொட்டாய்ல மம்பட்டி இருக்கு. எடு. மாலையைக் கழட்டி அந்தாண்ட வை, எடு மம்பட்டியை."

ஒரே தடவைதான். பரிதி போதும்க்கான்னுட்டான். உக்காந்து ஒன்றரை நாள்ல அதைக் கோத்து, செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அப்டேட் அனுப்பிட்டாங்க. பெங்களூருக்கு கிளாட்சன் ஒரு வரி எழுதினாரு: தப்பு எங்களுதுதான், கண்டுபிடிச்சுட்டோம், வியாழன் மத்தியானம் வரைக்கும் ஆத்தைத் தொடாதீங்க. எதிர்த்துப் பேசத் தெரியாதுன்னு நினைச்ச மனுஷன். எனக்குப் பெருமையா இருந்துச்சு, ஆனா காட்டிக்கல.

புதன்கிழமை நான் லேப்ல இருந்தேன். ஒரு ஆளுக்கு நரம்பு கிடைக்காம ரெண்டு தடவை குத்திட்டேன், எப்பவும் அப்படி ஆகாது. மனசு எங்க இங்க இருக்கு? மத்தியானம் போன் பண்ணா, நூத்துக்கு நாப்பத்தொண்ணுன்னாரு. மூணு மணிக்கு நாப்பத்தாறு. சாயந்திரம் வீட்டுக்கு வந்தா மூணு பேரும் ஒரே கம்ப்யூட்டருக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இருக்காங்க. ஃபஹ்மிதா திரும்ப விளையாடுது, நேரலையில.

பிரகதாம்பாள் திட்டினதும் அந்தப் பொண்ணு "ஓ"ன்னு மட்டும் சொல்லுச்சு. மம்பட்டியை எடுத்துச்சு. ஒன்பது நாள் வெட்டுச்சு, கொஞ்சம் கோணலா வெட்டுச்சு, கிளாட்சன் பல்லைக் கடிச்சுக்கிட்டு "கரையோரம், கரையோரம்"னு இங்கேர்ந்து சொல்லிக்கிட்டே இருந்தாரு, அதுக்குக் கேக்கப் போற மாதிரி. ஒன்பதாம் நாள் தண்ணி வந்துச்சு. சருகு, நுரை, அந்தச் சத்தம். பார்த்துக்கிட்டு இருந்தவங்க ஆயிரக்கணக்குல கமென்ட் போட்டுக்கிட்டே இருக்காங்க. "கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதாதீங்க"ன்னுச்சு அந்தப் பொண்ணு. தண்ணியோட முனைகூடவே வீரனை நடத்திக்கிட்டுப் போச்சு, கடைசி வயல் வரைக்கும். யாளி மேல ஏறினா சீக்கிரம் போயிருக்கலாம், ஏறல.

முடிஞ்சப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு சொல்லுச்சு: "சண்டை முதல் பாகம் அளவுக்கு இல்ல. யாளி மேல ஏறி இறங்கறது இன்னும் சொதப்பல்தான். அந்த ஆட்டுக்கார அம்மா ஏன் மெட்ராஸ்ல பொறந்த மாதிரி பேசுறாங்கன்னு தெரியல. ஆனா நான் போன வீடியோவுல ஏமாத்திட்டாங்கன்னு சொன்னேன் இல்லையா, அதை வாபஸ் வாங்கிக்கிறேன். இந்தத் தண்ணிக்காக இன்னும் இருபது மணி நேரம் கூட விளையாடுவேன்."

பரிதி ஷோபனா கையைப் பிடிச்சுக் குலுக்கினான். கிளாட்சன் உள்ள போய் முகத்தைக் கழுவிட்டு வந்தாரு, திரும்பப் போய்க் கழுவிட்டு வந்தாரு. நான் மட்டும், "மெட்ராஸ்ல பொறந்தா என்னவாம் அவளுக்கு?"ன்னு கேட்டேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நூத்துக்கு எழுபத்தொண்ணு. பதினொன்னரைக்கு பெங்களூர்லேர்ந்து மெசேஜ் வந்துச்சு: 'ஆறு அப்படியே இருக்கட்டும்.' அவ்வளவுதான். கிளாட்சன் அதைப் படிச்சுட்டு முன் ரூம்ல வெறுந்தரையில காலை நீட்டிப் படுத்தாரு. ஒரு வாரமா தூங்காத மனுஷன், பட்டப்பகல்ல, வாயைத் திறந்துக்கிட்டு நாலு மணி நேரம் தூங்கினாரு. பரிதி அவரைத் தாண்டித் தாண்டிப் போய் வேலை பார்த்தான். அன்னைக்கும் லீவு போட்டிருந்த நான் ஒரு தலைகாணியை எடுத்து வந்து வச்சேன். நெஞ்சுல இருந்து ஒரு அம்மிக்கல்லை இறக்கி வச்ச மாதிரி எனக்கு இருந்துச்சு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அதே இட்லி, அதே சட்னி. போனைச் சாப்பிடறப்ப எடுக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் தட்டை வச்சேன். ரெண்டு இட்லி வரைக்கும் சொன்னபடி கேட்டாரு. மூணாவதுல கை போயிடுச்சு. படிச்சாரு, அப்படியே உக்காந்துட்டாரு.

"மறுபடி என்னங்க?"

போனை என்கிட்டக் குடுத்தாரு. ஒத்தப்பல் யாளி. ஓசூர்க்காரரு. முதல் ஆளா எழுதினாரே, அவரேதான். பழைய கருத்துக்குக் கீழயே எழுதியிருந்தாரு.

'ஆத்துல தண்ணி வந்துடுச்சு. என் பக்கம்தான் பிரச்சனை, வாய்க்காலை வெட்டாம இருந்துட்டேன், மன்னிச்சுக்குங்க. இப்ப நான் வெட்டின வாய்க்கால்லதான் வருது. கூடவே நடந்துக்கிட்டு இருக்கேன், மீதியை அப்புறம் எழுதுறேன்.'

நான் அதைச் சத்தமாப் படிச்சேன். இன்னொரு தடவை படின்னாரு. படிச்சேன். "பாவம், அவரு எதுக்கு மன்னிப்பு கேக்குறாரு?"ன்னு சொல்லி கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. நானும் முந்தானையில துடைச்சுக்கிட்டேன், வெங்காயம் கூட உரிக்கல அன்னைக்கு.

அப்புறம் அவரு ஏழு இட்லி சாப்பிட்டாரு. சட்னி பத்தல, பொடி வச்சேன்.